கடல்மல்லையின் கல்தச்சர்

(குடமுழுக்குப் பெருவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது பழமொழி. தெருநாயையும் அதன்மேல் எறியும் கல்லையும் எண்ணியே பலரும் இதனை வழங்குகின்றனர். இதன் பொருள் அதுவன்று என்று கற்றோர் விளக்குவர். சிற்பி ஒருவன் கல்லில் நாயைச் செதுக்கி வைத்தான். நாய் என்று கண்டவன் அஞ்சி விலகினான். அவனுக்குக் கல் தோன்றவில்லை. கல் என்று கண்டவன் அருகே சென்று தடவிப் பார்த்தான். அவனுக்கு நாய் தோன்றவில்லை. இறைவன் திருவுருவத்தைப் பற்றிச் சொல்ல வந்த சான்றோர் பலர் இப்பழமொழியை எடுத்தாண்டிருக்கின்றனர்.

ஆயினும் அந்தக் கதையில் மூன்றாமவன் ஒருவன் உளன். நாயைக் கண்டு அஞ்சியவனும் அவனைக் காணவில்லை. கல்லைத் தடவியவனும் அவனைக் காணவில்லை. கல்லுக்குள் நாயை வரவழைத்த சிற்பியே அவன். திருக்கோயில்களிலும் அவன் நிலை இதுவே. கருவறைமுன் நிற்கும் அன்பர் இறைவனைக் காண்கின்றனர். கோயிற்கலை ஆராயும் அறிஞர் கல்லையும் காலத்தையும் காண்கின்றனர். திருவுருவத்தை ஆக்கித் தந்தவனோ இருவர் கண்ணிலும் படுவதில்லை. குடமுழுக்கு நிகழும் நன்னாளிலேனும் அவனை ஒரு நாழிகை நினைப்பது கடமையாகும். அதற்கு ஏற்ற ஊர் ஒன்று தமிழகத்தில் உண்டு. அதுவே கடல்மல்லை எனப்படும் மாமல்லபுரம்.

ஊரும் கடலும்

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலின் கரையில் அமைந்தது அவ்வூர். பூதத்தாழ்வார் தோன்றிய திருப்பதி அது. தலசயனப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திவ்விய தேசம். பல்லவர் காலத்தில் கலங்கள் வந்து செல்லும் துறைமுகமாகவும் விளங்கிற்று. முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் பெயரையே ஊர் தாங்கி நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கு எழுந்த குகைக் கோயில்களையும், ஒற்றைக்கல் தேர்களையும், பாறைச் சிற்பங்களையும், இராசசிம்மன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக 1984 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. கடற்கரைக் கோயிலின் பக்கத்திலேயே மீனவர் வாழும் குப்பம் உண்டு. விடியற்காலையில் படகுகள் கரையேறும், வலைகளை உதறுவர், மீன்கூடைகள் நகரும். வெயில் சற்று ஏறியதும் ஊருக்குள்ளிருந்து வேறொரு ஓசை எழும். அலையின் ஓசை தாழ்ந்தும் உயர்ந்தும் வருவது. இவ்வோசையோ தாளம் பிசகாமல் ஒரே சீராக வருவது. அது உளியின் ஓசை. ஐந்து தேர்களுக்குச் செல்லும் சாலையிலும் அதனை அடுத்த தெருக்களிலும் சிற்பக் கூடங்கள் வரிசையாக உள்ளன. கீற்றுக் கொட்டகையின் நிழலிலே, கல்தூள் படிந்த உடம்போடு, காலை மடக்கி அமர்ந்து கல்தச்சர் வேலை செய்கின்றனர். வலை வீசுவோரும் உளி பிடிப்போரும் அருகருகே வாழும் ஊர் அது. இரு தொழிலுக்கும் பொறுமையே முதல். ஒன்றில் கடலின் இசைவு வேண்டும், மற்றொன்றில் கல்லின் இசைவு வேண்டும்.

முடிக்கப் பெறாத பாடம்

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு ஒரு பேறு வாய்த்திருக்கின்றது. அவர்கள் கற்க வேண்டிய பாடத்தை அவர்கள் ஊர்ப் பாறைகளே கற்பிக்கின்றன. அப்பாடத்தின் சிறந்த பகுதி, முற்றுப் பெற்ற சிற்பங்களில் அன்று, முற்றுப் பெறாத வேலைகளிலேயே உள்ளது.

தருமராச தேர் எனப்படும் ஒற்றைக்கல் கோயிலைக் காண்பவர் அதன் மேல்நிலைகள் செம்மையாக முடிந்திருப்பதையும் கீழ்நிலை முடியாமல் நிற்பதையும் காணலாம். கட்டடம் கட்டுவோர் கீழிருந்து மேலே செல்வர். பாறையைக் குடைந்து கோயில் எடுப்போர் மேலிருந்து கீழே இறங்குவர். சாரம் கட்டவேண்டிய தேவையைக் குறைத்துக்கொண்டும், மேலிருந்து விழும் சில்லு கீழே முடிந்த வேலையைக் கெடுக்காதவாறு காத்துக்கொண்டும் அவர்கள் இறங்கி வந்த வழி அங்கே தெளிவாகத் தெரிகின்றது. முடிவுபெறாத குகைகளில் பாறை முகத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளக் கோடுகள் வெட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருப்பதைக் காணலாம். சதுரங்களைச் சுற்றிப் பள்ளம் ஆழமான பின், நடுவே நிற்கும் கல்லைத் தட்டிப் பெயர்த்து எடுத்தனர். மீண்டும் கோடு, மீண்டும் பள்ளம், மீண்டும் பெயர்ப்பு என்று பாறைக்குள் புகுந்தனர். மலையைக் குடைந்த பெருஞ்செயல் ஒரு சாண் சதுரத்தை ஒழுங்காக வெட்டிய சிறுசெயல்களின் தொகுதியே என்பதை இன்றைய மாணவன் அங்கே விரலால் தொட்டு அறிகின்றான்.

முற்றுப் பெற்ற சிற்பங்கள் கற்பிக்கும் பாடம் வேறு. அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாகக் கூறப்படும் பெரும்பாறையில் தேவரும் முனிவரும் நாகரும் யானைகளும் திரண்டிருக்கின்றனர். பாறையில் இயற்கையாக அமைந்த பிளவைக் குறையென்று சிற்பி தள்ளிவிடவில்லை. அதனையே வானிலிருந்து இறங்கும் ஆறாக்கி, அதில் நாகங்களை நீந்தவிட்டான். ஒரு மூலையில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்வது போல் நடிக்கும் பூனையையும், அதனைச் சுற்றி நம்பி நிற்கும் எலிகளையும் அமைத்தான். கண்ணன் மலை தாங்கும் காட்சியிலோ பால் கறக்கும் ஆயனையும் கன்றை நக்கும் பசுவையும் இறைவனுக்கு அருகிலேயே வைத்தான். நூல் வகுத்த இலக்கணத்துக்கு உட்பட்டு நின்றும், தான் கண்ட உலகத்தைக் கல்லில் ஏற்றும் உரிமையை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அவ்வூர்ச் சிற்பிகள் ஓய்வு கிடைத்தபோது பசுவும் கன்றும், பேன் பார்க்கும் குரங்கும் செதுக்குவது இம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.

பெயர் பொறித்த பாறை

இத்துணைப் பெரிய வேலை செய்தவர் யாவர்? கோயிலை எடுப்பித்த மன்னரின் விருதுப் பெயர்கள் தூண்களிலும் சுவர்களிலும் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. உளி பிடித்தவர் பெயரோ சிற்பங்களின் அடியில் இல்லை. ஆயினும் மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரி என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலிய பெயர்கள் அவை. பல்லவர் காலத்துச் சிற்பப் பணியாளர் பெயர்களாகவும், அவர்கள் தங்கியிருந்த இடமாகவும் இவற்றையும் அவ்விடத்தையும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

அன்பர்களே! இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கோயிற்சுவரில் தம் பெயரை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. அது இறைவனுக்கும் அரசனுக்கும் உரிய இடம் என்று ஒதுங்கினர் போலும். வேலை முடிந்து இளைப்பாறும் இடத்திலே, யாருக்கும் உரிமையில்லாத ஒரு பாறையிலே, தாமும் இருந்தோம் என்பதற்கு அடையாளமாகப் பெயரைப் பொறித்தனர். அவ்வரிசையில் கொல்லன் ஒருவனும் இடம்பெற்றிருப்பது சிறப்பாகக் கருதத்தக்கது. கருங்கல்லில் வேலை செய்யும் உளி விரைவில் முனை மழுங்கும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்துத் தருபவன் கொல்லன். அவன் இல்லையேல் பெருந்தச்சனின் கையும் ஓய்ந்துவிடும். கூடிச் செய்த வேலைக்குக் கூட்டாகவே பெயர் பொறித்த பண்பு அது.

கல்லும் அளவும்

திருவுருவம் செய்யும் பணி கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகின்றது. கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையால் அதன் தன்மையை அறிவது மரபு. மணியோசை போன்று கணீரென ஒலிப்பது ஆண் கல் என்றும், மென்மையாக ஒலிப்பது பெண் கல் என்றும், ஓசை எழாதது நபும்சகக் கல் என்றும் சிற்ப நூல்கள் பகுக்கின்றன. இலிங்கத்துக்கு ஆண் கல்லும், ஆவுடையாருக்குப் பெண் கல்லும், அவற்றின் கீழே அமையும் அடித்தளத்துக்கு நபும்சகக் கல்லும் உரியன என்பர். இதனை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவதற்கில்லை. உள்ளே வெடிப்போ புரையோ உள்ள கல் கணீரென ஒலிப்பதில்லை. பல மாதம் உழைத்தபின் கை ஒன்றோ மூக்கு ஒன்றோ உடைந்து வீழாமல் காத்துக்கொள்ளும் அனுபவ அறிவும் அதில் அடங்கியிருக்கின்றது.

கல் கிடைத்தபின் அளவு. திருவுருவத்தின் முகத்தை அடிப்படையாகக் கொண்டு உயரத்தை வகுக்கும் முறைக்குத் தாளமானம் என்று பெயர். தலையாய தெய்வங்களின் திருமேனியை உத்தம தசதாளம் என்னும் அளவில் 124 கூறுகளாகவும், தேவியர் திருமேனியை மத்திம தசதாளத்தில் 120 கூறுகளாகவும் பகுப்பர். பிள்ளையாருக்கு ஐந்து தாளமே உரியது. ஆதலால்தான் அவர் குள்ளமும் பருமனும் கொண்ட குழந்தை வடிவாகக் காட்சி தருகின்றார். கல்லின் முகத்தைச் சமன்செய்து, நடுவே நூல் பிடித்துச் செங்காவியால் கோடு இடுவர். அந்த நடுக்கோட்டுக்குப் பிரமசூத்திரம் என்று பெயர். நெற்றி, மூக்கு, உந்தி ஆகியன நேராக நிற்கும் திருவுருவத்தில் இக்கோட்டின்மேல் அமையும்.

இந்த அளவு எங்கிருந்து பிறக்கின்றது என்பதும் அறியத்தக்கது. கண்ணுக்குப் புலனாகாத அணுவில் தொடங்கி, எட்டு எட்டாகப் பெருகி, தேர்த்துகள், மயிர்முனை, ஈர், பேன், யவை எனப் படிப்படியாக வளர்ந்து விரல் என்னும் அளவு வருகின்றது. தேர்த்துகள் என்பது தேர் ஓடும் வழியில் எழும் புழுதியின் ஒரு துகள். விண்ணளவு உயரும் கோபுரத்தின் கணக்கும் ஒரு துகளில் தொடங்குகின்றது என்பது சிற்ப நூலோர் துணிபு.

அளவு இத்துணைக் கடுமையாக இருக்கும்போது சிற்பியின் கற்பனைக்கு இடம் ஏது என்று சிலர் வினவுவர். இசையில் இராகத்துக்கு ஏறுவரிசையும் இறங்குவரிசையும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயினும் இருவர் பாடினால் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதுபோலவே 124 கூறும் பிசகாமல் செய்த இரண்டு திருவுருவங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. உதட்டின் ஓரத்தில் புன்னகை எவ்வளவு மலர வேண்டும், இமை எவ்வளவு தாழ வேண்டும், அபய கரத்தின் விரல்கள் எவ்வளவு நெகிழ வேண்டும் என்பவற்றை எந்த நூலும் அளந்து தருவதில்லை. அவை சிற்பியின் உள்ளத்திலிருந்து வருவன.

கூடத்தில் நிகழ்வது

சிற்பக் கூடத்தில் வேலை பலர் கையால் நடைபெறும். முதலில் சம்மட்டியாலும் தடித்த உளியாலும் வேண்டாத கல்லைப் பெயர்த்துத் தள்ளுவர். இதற்கு வலிமை வேண்டும். அடுத்துக் கூர்முனை உளியால் உருவத்தின் பருவடிவைக் கொணர்வர். இதற்குக் கணக்கு வேண்டும். அதன்பின் சிற்றுளி கொண்டு அணிகலன், மடிப்பு, விரல், முகம் ஆகியவற்றை நுணுக்குவர். இதற்கு நிதானம் வேண்டும். இளைஞர் முதல் வேலையைச் செய்வர். தேர்ந்தவர் முகத்தைச் செய்வர். முகத்தில் உளி வைக்கும் தகுதியைப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

உளிபட்ட கருங்கல் வெண்சாம்பல் நிறமாகத் தோன்றும். அதனை நீர் தெளித்துச் சாணைக்கல்லால் தேய்க்கத் தேய்க்க, உள்ளிருந்து கருமை எழும். நாட்கணக்கில் தேய்த்தபின் கல்லின் மேனி நீர் நிறைந்த குளம் போல் பளபளக்கும். பின்னர்த் திருக்கோயிலில் எண்ணெயும் சந்தனமும் பாலும் ஏற ஏற அக்கருமை ஆழ்ந்துகொண்டே செல்லும். அன்பர் கருவறையில் காணும் அந்தக் கருநிறத்துக்குப் பின்னால், வெண்தூள் படிந்த ஒரு முகம் குனிந்து பல நாள் தேய்த்த உழைப்பு இருக்கின்றது.

வழிபாட்டுக்குரிய பெரிய திருவுருவங்கள் மட்டுமே அங்குச் செய்யப்படுவன அல்ல. மாக்கல்லில் உள்ளங்கை அளவு யானை, பிள்ளையார், புத்தர், விளக்கு முதலியன செய்து ஊர்காண வருவோர்க்கு விற்பவர் பலர். இதனைச் சிறுமையாகக் கருதுவோர் உளர், அது பொருந்தாது. மெல்லிய மாக்கல்லில்தான் சிறுவன் ஒருவன் முதன்முதலில் உளி பிடிக்கப் பழகுகின்றான். பெரிய வேலை கிடைக்காத மாதங்களில் வீட்டு அடுப்பு எரிவதும் அச்சிறு யானைகளால்தான்.

மரபுக்கு ஒரு கல்லூரி

தந்தையிடமிருந்து மகன் கற்கும் குலத்தொழிலாகவே சிற்பம் நெடுங்காலம் நிலவிற்று. இருபதாம் நூற்றாண்டின் இடையில் அது மங்கும் நிலைக்கு வந்தது. அந்நிலையில் 1957 ஆம் ஆண்டு தமிழக அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவிற்று. பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த சிற்பிக் குடும்பத்து வைத்தியநாத ஸ்தபதியார் அதன் தலைமையை ஏற்றார். அவருக்குப்பின் அவர் மைந்தர் கணபதி ஸ்தபதியார் பல ஆண்டுகள் அதனை வளர்த்தார். அந்நிலையம் பின்னர்க் கல்லூரியாக உயர்ந்து, கோயிற் கட்டடக்கலையையும், கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றில் சிற்பத்தையும், மரபு ஓவியத்தையும் கற்பித்து வருகின்றது. ஏட்டுச் சுவடியில் இருந்த அளவு நூல் பள்ளிப் பலகைக்கு வந்தது. சிற்பிக் குடியில் பிறவாத பிள்ளைகளுக்கும் உளி பிடிக்கும் வாயில் திறந்தது.

இதன் பயனைத் தமிழகமெங்கும் காணலாம். கணபதி ஸ்தபதியார் பொறுப்பில் எழுந்து, 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் குமரி முனையில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை ஒன்றே போதிய சான்று. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கப் பீடம் 38 அடி; பொருளும் இன்பமும் ஆகிய 95 அதிகாரங்களைக் குறிக்கச் சிலை 95 அடி; ஆக 133 அடி. கடல் நடுவே காற்றையும் அலையையும் தாங்கி நிற்கும் அப்பெருங் கல்லுருவத்தில் மரபுக் கணக்கும் தமிழ் நூற்கணக்கும் ஒன்றாயின. இன்று மாமல்லபுரத்துக் கல்தச்சர் கைபட்ட திருவுருவங்கள் கடல் கடந்த நாடுகளிலும் வழிபாடு பெறுகின்றன. உலகக் கைவினை மன்றம் 2015 ஆம் ஆண்டில் அவ்வூரைக் கற்சிற்பத்துக்குரிய உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. 2017 ஆம் ஆண்டில் மாமல்லபுரம் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றன.

கண் திறக்கும் நாள்

இத்துணை உழைப்பும் நிறைவு பெறுவது கண் திறக்கும் சடங்கில். வடமொழியில் இதனை நயனோன்மீலனம் என்பர். திருவுருவம் முழுவதும் முடிந்தபின்னும் கண்மணியின் வரையை இறுதி நாளுக்கென விட்டுவைப்பர். குறித்த நல்வேளையில், திரை மறைவில், ஸ்தபதி நீராடித் தூய உடை உடுத்துப் பொன்னூசி கொண்டு கண்மணியை வரைவார். திரை விலகியதும் திருவுருவத்தின் பார்வை முதன்முதலில் மங்கலப் பொருள்கள்மேல் படவேண்டும் என்பது விதி. ஆதலின் பசுவும் கன்றும், கண்ணாடியும், தானியக் குவியலும் எதிரே நிறுத்தப்படும்.

அதன்பின் நிகழ்வதே உள்ளத்தை உருக்குவது. அதுவரை அத்திருமேனி சிற்பியின் கையில் இருந்தது. அவர் அதன்மேல் ஏறி அமர்ந்து வேலை செய்திருப்பார். திருமுடிமேல் கால் ஊன்றி நின்றிருப்பார். மார்பிலும் தோளிலும் உளியால் ஆயிரமாயிரம் அடி அடித்திருப்பார். கண் திறந்த கணம் முதல் அது தெய்வம். ஸ்தபதிக்கு ஆடையும் பொன்னும் பிற சிறப்பும் அளித்து, அவர் மனம் நிறையச் செய்து, விடை கொடுத்து அனுப்பவேண்டும் என ஆகமங்கள் விதிக்கின்றன. இதற்கு ஸ்தபதி விசர்சனம் என்று பெயர். பின்னர் ஆசாரியர் பொறுப்பேற்று, திருவுருவத்தை நீரிலும் நெல்லிலும் வைத்து, வேள்வி இயற்றி, திருக்குட நீரால் முழுக்காட்டுவார். செய்தவரோ கூட்டத்தின் நடுவே, கைகூப்பி நிற்கும் அன்பர்களுள் ஒருவராகி விடுகின்றார். தாம் வடித்த திருவடியைத் தாமே இனித் தீண்ட இயலாது. ஓவியம் தீட்டியவர் அதன் மூலையில் பெயர் எழுதுவார். நூல் யாத்தவர் முகப்பில் பெயர் பொறிப்பார். கோயிற் சிற்பியோ தம் படைப்பினின்று முற்றும் விலகுவதையே தொழிலின் நிறைவாகக் கொள்கின்றார். தன்னை மறத்தலும் தன் பெயர் கெடுதலும் பத்தியின் உயர்நிலை என்று அடியார் கூறுவர். அந்நிலையை உளியோடு வாழ்ந்து காட்டுபவர் அவர்.

சமுதாயத்தின் கடன்

ஆயின், சிற்பி தம்மை மறைத்துக்கொள்வது அவர் பெருமை. அவரைச் சமுதாயம் மறந்துவிடுவது அதன் சிறுமை. இரண்டையும் ஒன்றாக மயங்குதல் கூடாது.

இன்று சிற்பக் கூடங்களில் உளியோசையோடு வேறொரு ஓசையும் கலந்து கேட்கின்றது. மின்விசையால் சுழலும் அறுப்புச் சக்கரங்களின் ஓசை அது. பல நாள் வேலையைச் சில மணியில் முடிக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அக்கருவிகளை வெறுப்பதற்கில்லை, கல்லைப் பிளக்கும் கடும் உழைப்பை அவை குறைக்கின்றன. ஆனால் நீரின்றி உலர்ந்த கல்லை அச்சக்கரம் அறுக்கும்போது எழும் தூள், உளியால் தெறிக்கும் தூள் போன்றதன்று. அது மிக நுண்ணியது; கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நெடுநேரம் மிதப்பது. கருங்கல்லில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் அத்தூளோடு மூச்சில் புகுந்து நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அதனைத் தழும்பேற்றி இறுகச் செய்கின்றது. சிலிக்கோசிஸ் என மருத்துவர் வழங்கும் இந்நோய் ஆண்டுகள் பல கடந்தபின் வெளிப்படுவது. வந்தபின் அதனை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. வாராமல் காப்பதே வழி. அறுக்கும் இடத்தில் நீர் இடைவிடாது சொட்டுமாறு அமைத்தல், தூளை உறிஞ்சும் கருவி வைத்தல், தகுந்த முகக்கவசம் அணிதல், அவ்வப்போது மார்பை ஆய்ந்து பார்த்தல் ஆகியவையே காப்பு. சிற்ப நூலோர் ஒரு துகளிலிருந்து அளவைத் தொடங்கினர். அத்துகளே இன்று சிற்பியின் ஆயுளை அளப்பதாக ஆகிவிடக் கூடாது.

தூள் மிகுவதற்குக் கருவி மட்டுமே காரணமன்று, அவசரமும் காரணம். திருப்பணிக் குழுவினர் பலர் முதலில் குடமுழுக்கு நாளைக் குறித்துவிடுகின்றனர். பந்தலுக்குச் சொல்கின்றனர், அழைப்பிதழ் அச்சிடுகின்றனர், அதன்பின் சிற்பியிடம் சென்று இன்ன நாளுக்குள் திருவுருவம் வேண்டும் என்கின்றனர். ஆளுயரத் திருவுருவத்தைக் கையுளியால் முறையாகச் செய்து முடிக்கப் பல மாதங்கள் வேண்டும். காலம் சுருங்கும்போது சிற்பி என் செய்வார்? சக்கரத்தை மிகுதியாக ஓட்டுவார். நீர் சொட்டவிடும் ஏற்பாட்டுக்கும் நேரமில்லை என்பார். இரவிலும் வேலை செய்வார். உதட்டின் ஓரத்தில் மலர வேண்டிய புன்னகைக்கு ஒதுக்கிய நாட்களைக் குறைத்துக்கொள்வார். இதில் இழப்பு இரண்டு. சிற்பியின் மூச்சு ஒன்று; நூற்றாண்டுகள் நின்று அருள வேண்டிய திருமுகத்தின் பொலிவு மற்றொன்று. நாள் குறித்தவர் தாம் வழிபடப்போகும் தெய்வத்தின் முகத்தையே தம்மையறியாமல் குறைத்துவிடுகின்றனர்.

ஆதலால் திருப்பணி தொடங்குவோர் முதலில் சிற்பியை நாடுவது நன்று. கல் கிடைக்க எவ்வளவு காலம், செதுக்க எவ்வளவு காலம், தேய்க்க எவ்வளவு காலம் என்று அவரைக் கேட்டறிந்து, அதன்பின் நாள் குறிப்பாராக. பேசிய ஊதியத்தைத் தவணை தவறாமல் தருவாராக. சிற்பக் கூடத்துக்கு ஒருமுறை நேரில் சென்று, நீர் வசதியும் முகக்கவசமும் உண்டா என்று பார்ப்பாராக. இல்லையெனில் திருப்பணி நிதியிலிருந்தே அவற்றுக்குச் சிறுதொகை ஒதுக்குவாராக. இளையவர் ஒருவர் அங்குப் பயில்கின்றாரா என்றும் கேட்பாராக. முகத்தில் உளி வைக்கத் தகுந்த கை இன்று உண்டு. அடுத்த குடமுழுக்குகளுக்கும் அத்தகைய கை வேண்டுமன்றோ? ஆகமம் விதித்த சிற்பி வழிபாடு ஆடையும் பொன்னும் அளிக்கும் ஒரு நாளோடு முடிவதன்று. கல் வந்து இறங்கிய நாள் முதல் அவர் மனம் நிறைந்திருக்குமாறு நடத்துவதே அவ்விதியின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

நிறைவு

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக் கரையையும் தாக்கிற்று. மீனவர் பெரும் இழப்புக்கு ஆளாயினர். அலை மணலை அரித்துச் சென்ற இடத்தில், அதுவரை புதைந்து கிடந்த சிங்கமும் யானைத் தலையும் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. அருகே சாளுவன்குப்பத்தில் அலை வெளிக்காட்டிய கல்வெட்டுகளைத் தொடர்ந்து, 2005 ஆம் ஆண்டில் தொல்லியலார் அகழ்ந்து, பழைய முருகன் கோயில் ஒன்றின் அடித்தளத்தைக் கண்டனர். செங்கல்லாலான பழங்கோயிலின்மேல் பின்னர்ப் பல்லவர் காலத்தார் எழுப்பிய கோயில் அது. கடல் மறைத்ததைக் கடலே திருப்பிக் காட்டிற்று. கை செய்த நல்ல வேலை எத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடப்பினும் அழிவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கல் நிலைக்கும். கையோ நிலையாது; அது ஒரு தலைமுறைக்குள் ஓய்வது. ஆதலின் கல்லினும் மிகுதியாகக் காக்கவேண்டியது கையையே. திருக்குட நீர் இறைவன் திருமேனிமேல் பொழியும் வேளையில், கூட்டத்தின் ஓரத்தில் கைகூப்பி நிற்கும் அந்தக் கல்தச்சரையும், எங்கோ கடலோரக் கொட்டகையில் உளியைக் கூராக்கிக்கொண்டிருக்கும் கொல்லரையும், முதன்முதலாக மாக்கல்லில் யானை செதுக்கும் சிறுவனையும் நெஞ்சில் நிறுத்தி வணங்குதல் அன்பர்களின் கடமையாகும். இறைவன் திருவருளால் அவர்கள் மூச்சு நீள்க! அவர்கள் கை உறுதி பெறுக! உளியோசையும் அலையோசையும் கடல்மல்லையில் என்றும் ஒருங்கே ஒலிப்பதாக!

வாழ்க அடியார்! வளர்க திருப்பணி!